18 மாதம் பிணவாடை... 6 வருடம் செம்புத் தகடு! குதிரையின் எலும்பை உலகுக்குக் காட்டிய ஜார்ஜ் ஸ்டப்ஸ் யார்?

லண்டன் நேஷனல் கேலரிக்குப் போனவர்கள் அந்தக் குதிரையைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. கிட்டத்தட்ட நிஜக் குதிரையின் அளவு. பின்னங்கால்களில் எழும்பி நிற்கிறது. மேலே சவாரி செய்பவர் இல்லை, பின்னால் மரம் இல்லை, வானம் இல்லை, வெறும் மங்கலான பின்னணிதான். விசில்ஜாக்கெட் என்ற பந்தயக் குதிரையின் ஓவியம் அது. 1997-ல் நேஷனல் கேலரி இதை வாங்கக் கொடுத்த விலை 1.1 கோடி பவுண்டு.

வரைந்தவர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். குதிரை ஓவியர் என்றாலே இன்றும் முதலில் சொல்லப்படும் பெயர். ஆனால், இந்த ஓவியத்தை வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், ராத்திரியிலும் விடியற்காலையிலும் அவர் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் செம்புத் தகட்டின் மேல் குனிந்து, குதிரையின் எலும்புகளையும் தசைகளையும் கோடு கோடாகக் கீறிக்கொண்டிருந்தார். யாருமே செய்ய முன்வராததால் அவரே எடுத்துக்கொண்ட வேலை அது. ஓவியங்களைவிட அவருடைய வாழ்க்கையை அதிகம் தின்றது அதுதான்.

யார் இந்த ஸ்டப்ஸ்?

1724-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். அப்பாவுக்குத் தோல் பதப்படுத்தும் தொழில். செத்த மாடு, குதிரைகளின் தோலும் அதன் நாற்றமும் பழகிய வீடு. எட்டு வயதிலேயே பக்கத்தில் இருந்த ஒரு டாக்டரிடம் எலும்புகளைக் கடன் வாங்கி வந்து உட்கார்ந்து வரைவாராம். மற்ற பிள்ளைகள் பூவும் பறவையும் வரைகிற வயதில் இவருக்குக் கிடைத்த மாடல், எலும்பு.

அவருடைய இளமைக் காலம் பற்றிய தகவல்களில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஓசையாஸ் ஹம்ஃப்ரி என்ற சக ஓவியர், ஸ்டப்ஸின் முதிய வயதில் அவரோடு பேசி எழுதிவைத்த குறிப்புகள்தான் அவை. பல பத்தாண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொன்னவை என்பதால், சிலவற்றைக் கொஞ்சம் உப்பு குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு செத்த குதிரையை ஸ்டப்ஸ் தனியாளாக முதுகில் சுமந்து மாடிப்படி ஏறினார் என்றுகூட ஒரு கதை உலவியது. நம்புவது கஷ்டம்தான். ஆனால், அப்படி ஒரு கதையை ஊர் நம்பியது என்றால், ஆள் எப்படி இருந்திருப்பார் என்று ஊகிக்கலாம்.

ஸ்டப்ஸுக்குப் பெரிய குரு என்று யாரும் கிடையாது. அப்பா இறந்த சமயத்தில் ஹாம்லெட் வின்ஸ்டன்லி என்ற ஓவியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே வேலை என்னவென்றால், டெர்பி பிரபுவின் மாளிகையில் இருந்த பழைய ஓவியங்களைப் பார்த்து நகல் எடுப்பது. எந்தப் படத்தை நகல் எடுப்பது என்பதில் இரண்டு பேருக்கும் தகராறு. சில வாரங்களிலேயே ஸ்டப்ஸ் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இனி அடுத்தவர் படத்தைப் பார்த்து வரையப் போவதில்லை, இயற்கையை நேரில் பார்த்துத்தான் வரைவது என்று அப்போது எடுத்த முடிவை அவர் கடைசி வரை மாற்றவில்லை.

தையல் ஊசியில் கற்ற தொழில்

இருபது வயதுக்கு மேல் யார்க் நகருக்குப் போனார். வயிற்றுப்பாட்டுக்கு மனிதர்களின் உருவப்படம் வரைவார். மிச்ச நேரத்தில் அங்கிருந்த மருத்துவமனையில் உடற்கூறு படிப்பார். கொஞ்ச நாளில் மருத்துவ மாணவர்களுக்கே உடற்கூறு பாடம் எடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

அப்போது ஜான் பர்ட்டன் என்ற மருத்துவர் பிரசவம் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அதற்குக் கருவில் இருக்கும் குழந்தையின் படங்கள் தேவை. ஸ்டப்ஸ் வரைந்து தருகிறேன் என்றார். பிரசவத்தில் இறந்த ஒரு பெண்ணின் உடலை மாணவர்கள் ரகசியமாகக் கொண்டுவந்து ஒளித்துவைத்ததாகவும், அதைப் பார்த்து வரைந்ததாகவும் ஹம்ஃப்ரியின் குறிப்பு சொல்கிறது. அந்தக் காலத்தில் உடற்கூறு படிப்புக்கு உடல்கள் வந்த வழி பெரும்பாலும் இப்படி இருட்டானதுதான். அந்தப் பெண் யார், அவருடைய குடும்பம் என்ன ஆனது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஸ்டப்ஸின் பெயர் யார்க்கில் கெட்டுப்போனதற்கும் இதுதான் காரணம்.

வரைந்தாயிற்று. அச்சுக்கு எப்படிக் கொண்டுபோவது? புகைப்படம் பிறக்காத காலம். ஒரு படம் புத்தகத்தில் வர வேண்டுமென்றால் யாராவது அதைச் செம்புத் தகட்டில் செதுக்கித் தர வேண்டும். செதுக்குவது ஸ்டப்ஸுக்குத் தெரியாது. லீட்ஸ் நகரில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு நண்பரிடம் கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொண்டார். முதல் பரிசோதனை ஒரு அரை பென்னிக் காசின் மேல். கருவி? குச்சியில் செருகிய தையல் ஊசி. ஒரு பெரிய அச்சுக் கலைஞரின் ஆரம்பம் இவ்வளவுதான்.

1751-ல் பர்ட்டனின் புத்தகம் வந்தது. படங்கள் சுமார்தான். ஸ்டப்ஸின் பெயர்கூட அதில் இல்லை. ஆனால், கத்தியால் அறுத்து, கண்ணால் பார்த்து, பென்சிலால் வரைந்து, ஊசியால் தகட்டில் கீறி... இந்த நான்கையும் ஒரே ஆள் செய்ய முடியும் என்று அங்கே தெரிந்துவிட்டது.

ஹார்க்ஸ்டோ பண்ணை வீட்டில் நடந்தது என்ன?

1756 வாக்கில் ஸ்டப்ஸ் லிங்கன்ஷயர் பகுதியில் ஹார்க்ஸ்டோ என்ற சின்ன கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டை எடுத்தார். கூட வந்தவர் மேரி ஸ்பென்சர், அவருடைய வாழ்நாள் துணைவி. சட்டப்படி திருமணம் நடந்ததாகப் பதிவு இல்லை. ஆனால், சாகும் வரை ஸ்டப்ஸைவிட்டுப் பிரியாதவர். அடுத்த 18 மாதம் அந்த வீட்டில் அவர் தாங்கிக்கொண்டதை இன்று எத்தனை பேர் தாங்குவார்கள் என்று தெரியவில்லை.

குதிரையை உள்ளும் புறமுமாகத் தெரிந்துகொள்வதுதான் ஸ்டப்ஸின் திட்டம். அந்தக் கால இங்கிலாந்தில் குதிரைதான் கார், டிராக்டர், லாரி, ராணுவ வண்டி எல்லாமே. ஆனால், அதன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு நம்பகமான படம் கிடையாது. 1598-ல் இத்தாலியில் கார்லோ ரூயினி என்பவர் ஒரு நல்ல புத்தகம் போட்டிருந்தார். 1683-ல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஸ்னேப் போட்ட புத்தகத்தில் பல படங்கள் அந்த ரூயினியைப் பார்த்து எடுத்த நகல்கள். அதாவது, ஏறக்குறைய 150 வருடமாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது ஒருவர் பார்த்த குதிரையைத்தான். கால்நடை மருத்துவக் கல்லூரி என்று ஒன்று இங்கிலாந்தில் அப்போது இல்லவே இல்லை. குதிரைக்கு உடம்பு சரியில்லை என்றால் லாடம் அடிப்பவர்தான் டாக்டர்.

ஹார்க்ஸ்டோவில் ஸ்டப்ஸ் செய்த முறையை அவரே விவரித்திருக்கிறார். இளகிய மனம் உள்ளவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். குதிரையின் கழுத்து நரம்பை வெட்டி ரத்தம் முழுவதையும் வடியவிடுவார். பிறகு ரத்தக் குழாய்களுக்குள் உருக்கிய கொழுப்பைச் செலுத்துவார். அது இறுகியதும் குழாய்கள் சுருங்காமல் உருவம் காட்டி நிற்கும். அடுத்து, கூரையிலிருந்து இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, கொக்கிகளை விலா எலும்புகளுக்கு இடையே மாட்டி, குதிரையைத் தூக்கி நிறுத்துவார். குளம்புகளுக்கு அடியில் ஒரு பலகை. கால்களை அதில் வைத்து, உயிரோடு நடந்துபோகிற குதிரை மாதிரியே நிற்கவைப்பார்.

பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். தோலை உரித்து, மேல் தசை அடுக்கை அளந்து, வரைந்து, குறிப்பு எழுதுவார். அந்த அடுக்கை எடுத்துவிட்டு அடுத்தது. இப்படியே உள்ளே போய்ப் போய்க் கடைசியில் எலும்பு. ஒரு குதிரையை 11 வாரம் வரை வைத்திருந்திருக்கிறார்! பார்மலின் கிடையாது, ஐஸ் பெட்டி கிடையாது. ஒன்று வைத்திருக்க முடியாத அளவுக்கு அழுகியதும் அடுத்த குதிரை. நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று உதவியவர் மேரிதான்.

அங்கே வரைந்தவற்றில் 42 படங்கள் இன்று லண்டன் ராயல் அகாடமியில் இருக்கின்றன. பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். செத்த உடலைப் பார்த்து வரைந்த அடையாளமே அதில் இல்லை. குதிரை அமைதியாக நடந்துபோகிறது, உடம்பில் தோல் மட்டும் இல்லை. கொக்கி இல்லை, கம்பி இல்லை, ரத்தம் இல்லை.

செய்ய மாட்டோம் என்ற செதுக்குநர்கள்

படங்களைச் சுருட்டிக்கொண்டு ஸ்டப்ஸ் லண்டனுக்கு வந்தார். அங்கே பெயர் பெற்ற செதுக்குநர்கள் இருந்தார்கள். வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர் என்பதுதான் அன்றைய வழக்கம். ஆனால், இந்த வேலையை எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. காது, மூக்கு, குளம்பு, தசைநார் என்று துண்டு துண்டாக இருப்பதைச் செதுக்க யாருக்கும் விருப்பமில்லை. அழகான நிலக்காட்சி, பிரபுக்களின் முகம் என்றால் சரி. இதை எவன் வாங்குவான்?

ஒரு கோணத்தில் பார்த்தால் அவர்கள் மறுத்ததே நல்லதாகப் போயிற்று. செதுக்குநர் நிஜக் குதிரையின் உள்ளே பார்த்தவர் அல்ல. தசை எங்கே எலும்பில் போய் ஒட்டுகிறது, எது மேலே, எது கீழே என்று அவருக்குத் தெரியாது. ஸ்டப்ஸின் படத்தைப் பார்த்து அவர் கீறினால், அது மறுபடியும் நகல்தான். வின்ஸ்டன்லியிடமிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறிய இளைஞர் எதை வேண்டாம் என்றாரோ, அதே இடத்தில் வந்து நின்றிருக்கும்.

வேறு வழியில்லாமல் ஸ்டப்ஸே ஊசியைக் கையில் எடுத்தார்.

இந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்தால்தான் அந்த 6 வருடங்களின் கனம் புரியும். முதலில் செம்புத் தகட்டைக் கண்ணாடிபோலத் தேய்த்து மெழுகுப் பூச்சு போட வேண்டும். ஊசியால் அந்தப் பூச்சைக் கீறி வரைய வேண்டும். பிறகு தகட்டை அமிலத்தில் வைத்தால், பூச்சு போன இடங்களில் மட்டும் அமிலம் செம்பை அரித்துப் பள்ளமாக்கும். இதுதான் எட்சிங். அமிலம் இல்லாமல், கூரான உளியைக் கையால் தள்ளி நேரடியாகச் செம்பைச் செதுக்குவது என்கிரேவிங். ஸ்டப்ஸ் இரண்டையும் கலந்து பயன்படுத்தினார். பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் ஏறும். அதுவும் இடது வலமாக, வலது இடமாக மாறி. எலும்பின் திசை மாறிவிட்டால் உடற்கூறே தப்பாகிவிடும் என்பதால், கண்ணாடியில் தெரிவதைப்போல யோசித்தே ஒவ்வொரு கோட்டையும் போட வேண்டும்.

தப்பு செய்தால் அழிக்க ரப்பர் கிடையாது. செம்பைச் சுரண்டி, பின்பக்கமாகத் தட்டி மட்டப்படுத்தி, மறுபடியும் முதலிலிருந்து.

பகலில் பணக்கார வாடிக்கையாளர்களுக்கு ஓவியம் வரைந்தால்தான் சாப்பாடு. எனவே தகட்டு வேலை பகலுக்கு முன்னும் பின்னும். ஹார்க்ஸ்டோ படங்களைக் காட்டியதும் ராக்கிங்ஹாம் பிரபு போன்ற குதிரைப் பிரியர்கள் ஸ்டப்ஸைத் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். விசில்ஜாக்கெட்டின் சொந்தக்காரரும் அவர்தான். அந்த ஓவியத்தில் தோலுக்கு அடியில் புடைக்கும் நரம்பும் தோள்பட்டைத் தசையும் அவ்வளவு உண்மையாக இருக்கிறதென்றால், வரைந்த கை அவற்றை ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்த கை என்பதுதான் காரணம்.

1766-ல் 'குதிரையின் உடற்கூறு' புத்தகம் வெளியானது. மொத்தம் 18 முதன்மைத் தகடுகள். பக்கவாட்டு, முன்பக்கம், பின்பக்கம் என மூன்று கோணங்கள். முதலில் எலும்புக்கூடு, அடுத்துத் தசைகளின் அடுக்குகள். கூடவே ஒவ்வொரு உறுப்புக்கும் நீண்ட விளக்கம். பின்னணியில் ஒன்றுமே கிடையாது. 1747-ல் வந்த அல்பினஸின் புகழ்பெற்ற மனித உடற்கூறு நூலில் எலும்புக்கூட்டுக்குப் பின்னால் காண்டாமிருகம் மேய்கிற அளவுக்கு அலங்காரம் இருந்தது. ஸ்டப்ஸ் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார். வெள்ளைத் தாள், குதிரை, அவ்வளவுதான்.

ஐரோப்பாவின் பெரிய உடற்கூறு அறிஞர்களில் ஒருவரான நெதர்லாந்தின் பெட்ரஸ் கேம்பர் புத்தகத்தைப் பார்த்து வியந்து ஸ்டப்ஸுக்குக் கடிதம் எழுதினார். லண்டனில் கால்நடைக் கல்லூரி தொடங்கப்பட்டது 1791-ல்தான். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே பாடப்புத்தகம் தயாராகிவிட்டது.

சென்னையிலிருந்து போன சிவிங்கிப்புலி

ஸ்டப்ஸின் கதையில் நம்ம ஊருக்கும் ஒரு இடம் உண்டு. சென்னை கோட்டையில் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகாட், பதவிக்காலம் முடிந்து இங்கிலாந்து திரும்பியபோது மன்னர் 3-ம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கிப்புலியைப் பரிசளித்தார். அதைப் பார்த்துக்கொள்ள இந்தியர்கள் இருவர். 1764-ல் விண்ட்சரில் பெரிய கூட்டத்துக்கு முன்னால் அதை ஒரு கலைமான் மீது ஏவினார்கள். மான் கொம்பை ஆட்டி எதிர்த்து நின்றது. சிவிங்கிப்புலி பின்வாங்கியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம்.

ஸ்டப்ஸ் வரைந்த அந்த ஓவியம் இப்போது மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. தலைப்பாகை கட்டிய இரண்டு இந்தியர்களும் வெறும் அலங்காரப் பொம்மைகளாக இல்லாமல், தனித்தனி முகமும் குணமும் உள்ள மனிதர்களாக நிற்கிறார்கள். அந்தக் கால ஆங்கில ஓவியத்தில் இது அபூர்வம். பரிசு கொடுத்த பிகாட்டின் முடிவு வேறு மாதிரி. மறுபடியும் சென்னைக்குக் கவர்னராக வந்து, சொந்த கவுன்சில் உறுப்பினர்களாலேயே கைது செய்யப்பட்டு, 1777-ல் காவலிலேயே இறந்துபோனார்.

லண்டனுக்குக் கப்பலில் வந்து இறங்கிய புதிய மிருகங்களையெல்லாம் ஸ்டப்ஸிடம் காட்டினார்கள். மருத்துவர் வில்லியம் ஹன்டருக்காக இந்தியாவின் நீல்காய் மானையும் வட அமெரிக்காவின் மூஸ் மானையும் வரைந்தார். கேப்டன் குக்கோடு பயணித்த ஜோசப் பேங்க்ஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கங்காருவின் தோலைக் கொண்டுவந்திருந்தார். அதற்குள் காற்றடைத்து உருவம் கொடுத்துப் பார்த்து வரைந்தார் ஸ்டப்ஸ். உயிருள்ள கங்காருவை அவர் பார்த்ததே இல்லை. ஆனால், அவருடைய படத்தை ஒட்டி 1773-ல் வந்த அச்சுப் படம்தான் பல தலைமுறை ஐரோப்பியர்களுக்கு கங்காரு.

எலும்பு தெரிந்தும் ஒரு தவறு

இவ்வளவு துல்லியமானவர் ஒன்றில் சறுக்கினார். பந்தயத்தில் பாயும் குதிரையை வரையும்போது, எல்லோரும் அன்று செய்ததைப்போலவே முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டி, காற்றில் பறப்பதுபோல வரைந்தார். 1878-ல் மைப்ரிட்ஜ் எடுத்த தொடர் புகைப்படங்கள், குதிரை அப்படி ஓடுவதே இல்லை என்று காட்டின. கொக்கியில் மாட்டி நிறுத்தி எந்த மூட்டு எப்படி மடங்கும் என்று பார்க்கலாம். ஓடுகிற காலைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஸ்டப்ஸைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அவரை உண்மையில் அடித்தது வேறு. எந்தப் புத்தகம் பெயர் வாங்கிக் கொடுத்ததோ, அதுவே முத்திரையாகவும் விழுந்துவிட்டது. அன்றைய கலை உலகில் ஒரு சாதிப் படிநிலை இருந்தது. உச்சியில் புராண, வரலாற்று ஓவியங்கள். அடுத்து மனிதர்களின் உருவப்படங்கள். மிருகம் வரைபவர்கள் கிட்டத்தட்ட அடியில். ஸ்டப்ஸ் என்ன செய்தாலும் குதிரை ஓவியர் என்ற பெயரிலிருந்து வெளியே வர முடியவில்லை. 1781-ல் ராயல் அகாடமியின் முழு உறுப்பினராகத் தேர்வு செய்யப்பட்டார். பீங்கான் பலகைகளில் எனாமலால் வரைந்த அவருடைய ஓவியங்களைக் கண்காட்சியில் மோசமான இடத்தில் மாட்டியதில் அவருக்கு ஏற்கெனவே கோபம். விதிப்படி உறுப்பினர் கொடுக்க வேண்டிய ஓவியத்தைக் கொடுக்கவே இல்லை. முழு உறுப்பினர் பதவியும் கிடைக்காமலே போனது. அவருடைய குதிரைப் படங்கள் கடைசியில் அதே அகாடமிக்குத்தான் 1879-ல் உயில் வழியாக வந்து சேர்ந்தன.

ஆனாலும் செம்புத் தகட்டை அவர் கைவிடவில்லை. 1788-ல் தன் ஓவியங்களைத் தானே அச்சுப் படங்களாக்கி வெளியிட்டார். கோடுகளுக்குப் பதில் நுண்ணிய புள்ளிகளாலும், தகட்டைச் சொரசொரப்பாக்கியும் உரோமத்தின் மென்மையைக் கொண்டுவந்தார். வேட்டை நாய், சிங்கம், புலி என்று சின்னச் சின்னப் படங்கள். பெரிதாக விற்கவில்லை. இன்றைக்கு அச்சுக் கலை தெரிந்தவர்கள் அவருடைய உச்சம் என்று சொல்வது அவற்றைத்தான்.

71 வயதில் மறுபடியும் கத்தி

1795-ல், ஓய்வெடுக்க வேண்டிய வயதில், ஸ்டப்ஸ் இன்னொரு உடற்கூறு நூலைத் தொடங்கினார். இந்த முறை ஒரே நேரத்தில் மூன்று உடல்கள். மனிதன், புலி, வீட்டுக் கோழி. மூன்றையும் எலும்பிலிருந்து தோல் வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது திட்டம். மனித எலும்புக்கூட்டைப் புலியைப்போல நான்கு காலில் தவழவிட்டு வரைந்தார். தொடை எலும்பு, முழங்கால், குதிகால் மூன்றிலும் எப்படி ஒத்துப்போகின்றன என்று அந்தப் படங்களைப் பார்க்கிற யாருக்கும் தானாகவே தெரியும். டார்வின் பிறக்க இன்னும் 14 வருடம் இருந்தது. பரிணாமம் என்றெல்லாம் ஸ்டப்ஸ் பேசவில்லை. பார்த்ததை வரைந்தார்.

வரைவது, செதுக்குவது, அச்சுக்கு அனுப்புவது எல்லாம் மறுபடியும் அவரே. 1804-லிருந்து பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியது. 1806 ஜூலை 10-ம் தேதி, 81 வயதில், லண்டனில் தன் வீட்டில் ஸ்டப்ஸ் இறந்தபோது நூல் பாதியில் நின்றது. ஹார்க்ஸ்டோவில் கூட இருந்த மேரி ஸ்பென்சர் அப்போதும் அதே வீட்டில்தான் இருந்தார். அடுத்த வருடம் ஓவியங்கள் ஏலத்துக்குப் போயின.

மனிதன், புலி, கோழி படங்கள் என்ன ஆயின? அவற்றில் பெரும்பகுதி கடல் தாண்டி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வூஸ்டர் நகரின் பொது நூலகம் ஒன்றில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1957-ல்தான் அவை வெளியே தெரியவந்தன. இப்போது யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கின்றன.